பின் அறைக்கு வந்தவள்

பெட்டை வருவதற்கு முதல் நாள், அவளுக்கென்று பின் அறையைத் துடைத்துக் கட்டில் விரிக்கிற வேலை திரேசாவின் தலையிலேயே வந்து விழுந்தது. வேறு யாருடைய தலையில் விழும்? ரோவில்லில் விக்னராஜா வீட்டில் ஒன்றரை வருடமாகக் கூட்டுவதும் சமைப்பதும், மூத்தவளைப் பள்ளிக்கூடத்தில் விட்டுக் கூட்டிவருவதும், சின்னவளைப் பகல் முழுக்க இடுப்பில் வைத்திருப்பதும் அவள்தான். எந்த வேலைக்கும் அவள் முகம் சுளித்ததில்லை. ஆனால் அன்றைக்கு அந்தக் கட்டிலை விரிக்கும்போது வயிறு பற்றி எரிந்தது. அது அவளுடைய அறை. அவளுக்கும் தவத்துக்கும் என்று வீட்டுக்காரி ரஞ்சினி தன் வாயாலேயே சொன்ன அறை.

தவம் அவளுடைய புருஷன். திரேசா இரண்டாயிரத்துப் பத்தில் படகில் வந்து, விசாவும் கிடைத்து வெளியே வந்துவிட்டாள். தவம் ஒரு வருடம் பிந்தி வேறு படகில் வந்து, இன்னும் டார்வினில் தடுப்பு முகாமில் கிடக்கிறான். அவனை வெளியே விடுவதென்றால் தங்குவதற்கு ஓர் இடம் காட்ட வேண்டும், வீட்டுக்காரர் போனில் சம்மதம் சொல்ல வேண்டும், எல்லாம் செப்டெம்பர் இருபதாம் திகதிக்குள் என்று அவனுடைய விஷயத்தைப் பார்க்கிற கேஸ்வொர்க்கர் சொல்லியிருந்தாள். திரேசா இப்போது படுப்பது நோபல் பார்க்கில் பவளம் அன்ரி வீட்டில், வேறு இரண்டு பெண்களோடு ஒரே அறையில். பவளம் அன்ரி ஆம்பிளை ஒருவனையும் வாசலுக்கு மேல் எடுக்கமாட்டார். ஆகவே இந்தப் பின் அறைதான். இதை விட்டால் வேறு அறை இல்லை.

தவத்தின் படகு பிடிபட்ட செய்தி வந்த அன்று, திரேசா இந்தக் குசினியில் நின்றுதான் அழுதாள். வேலையால் வந்த ரஞ்சினி, கைப்பையைக்கூடக் கழற்றாமல் அவளுடைய தோளில் கை வைத்தாள்.

"ஏன் அழுறீர்? பின் அறை சும்மாதானே கிடக்கு. தவம் வெளியில வரட்டும், ரெண்டு பேரும் இங்கயே வந்து இருங்கோ."

அந்த வார்த்தையைப் பிடித்துக்கொண்டுதான் ஒரு வருடமாகத் திரேசா நடமாடினாள். மலிவு விற்பனையில் தவத்துக்கென்று இரண்டு சேர்ட் வாங்கி, அந்த அறை அலுமாரியில் கொண்டுவந்து மாட்டியும் வைத்திருந்தாள்.

இப்போது அந்த அறைக்கு ஜெர்மனியிலிருந்து ஒருத்தி வருகிறாள். ஓ-பேர் என்று அதற்குப் பெயராம். வீட்டோடு தங்கி, பிள்ளைகளைப் பார்த்து, கைச்செலவுக்குக் கொஞ்சம் வாங்கிக்கொண்டு ஊர் சுற்றிப் பார்க்கிற வெளிநாட்டுப் பிள்ளைகள். ரஞ்சினியின் அலுவலகத்தில் இரண்டு வெள்ளைக்காரிகளின் வீட்டில் இப்படி ஆட்கள் இருக்கிறார்களாம். பிறகு ரஞ்சினி சும்மா இருப்பாளா? இன்டர்நெட்டில் தேடித் தேடி, டோட்முண்டில் பிறந்து வளர்ந்த தமிழ்ப்பெட்டை ஒருத்தியையே பிடித்துவிட்டாள். ஊருக்கு ஜெர்மன்காரி என்று சொல்லிக்கொள்ளலாம், வீட்டில் இடியப்பமும் சாப்பிடுவாள். ஸ்கைப்பில் ரஞ்சினி தேன் ஒழுகப் பேசியதை, திரேசா கோப்பை கழுவிக்கொண்டே கேட்டாள்.

"நீ எங்கட சொந்தப் பிள்ளை மாதிரித்தான். உன்ர வீடு எண்டு நினைச்சுக்கொண்டு வா."

அது முடிந்ததும் திரேசா கையைத் துடைத்துக்கொண்டு போய்க் கேட்டாள். "அக்கா, அப்ப இவருக்கு எண்டு சொன்ன அறை?"

"அவள் ஆறு மாசம்தானே இருப்பாள், திரேசா. அதுக்குள்ள தவத்தை விடுவாங்களோ தெரியாது. அந்த நேரம் வரட்டும், பாப்பம்."

இருபதாம் திகதிக்கு மூன்று வாரம்தான் இருந்தது. அதைச் சொல்லத் திரேசா வாயெடுக்க முதல், ரஞ்சினி அடுத்த கதைக்குப் போய்விட்டாள். "பிள்ளை புதுசு. நீர்தான் ரெண்டு கிழமை கூட நிண்டு எல்லாம் காட்டிப் பழக்க வேணும். எங்கட வீட்டு முறை உமக்குத் தெரியும்தானே."

தெரியாமலா? அந்த வீட்டில் எதுவும் நேராகச் சொல்லப்படாது. எல்லாம் சாடைதான். ரஞ்சினி, "களைச்சுப்போனீர், இரும்" என்றால் இருக்கக்கூடாது; தேத்தண்ணி போட்டுக்கொண்டு வர வேண்டும். "இண்டைக்குக் கறி வித்தியாசமா இருக்கு" என்றால் உப்புக் கூடிவிட்டது. திரேசாவில் கோபம் என்றால் திரேசாவுக்கு ஒரு சொல் சொல்லமாட்டாள். சின்னவளின் பொம்மையைத் தூக்கி மடியில் வைத்து, "சொல்லிச் சொல்லி எனக்கு வாய் உளையுது, உனக்குக் காதில விழுந்தாத்தானே" என்று அதற்குத்தான் பேச்சு விழும். பொம்மைக்குப் பேச்சு விழுந்தால் திரேசா ஓடிப்போய்க் குளியலறையைத் தேய்ப்பாள். இந்தப் பாஷையைப் பிடிக்க முதல் மூன்று மாதம் அவள் பட்ட பாடு கொஞ்சமில்லை. பிடித்த பிறகு, ரஞ்சினி வாயைத் திறக்க முதலே அவளுக்கு விளங்கிவிடும். அதில் அவளுக்கு ஒரு பெருமையும் இருந்தது.

சஜிதா தன் உயரத்துக்கு ஒரு பையை முதுகில் சுமந்துகொண்டு வந்து இறங்கினாள். பத்தொன்பது வயது. மூக்கில் ஒரு சின்ன வளையம். வந்து கால் மணி நேரத்துக்குள், கையில் இரண்டு சேர்ட்டோடு குசினிக்கு வந்தாள். திரேசா வேண்டுமென்றே அலுமாரியில் விட்டிருந்த சேர்ட்டுகள்.

"இது ஆற்ற சேர்ட், அன்ரி?"

"ஒருத்தற்றையும் இல்லை."

"ஒருத்தற்றையும் இல்லையெண்டா ஏன் அலுமாரிக்குள்ள கிடக்கு?"

திரேசா அவற்றைப் பறிக்காத குறையாக வாங்கிக்கொண்டாள். நல்ல கேள்விதான். வந்து காலை வைக்க முதல் கேள்வி கேட்க வந்துவிட்டாள் மகாராணி.

அவளைக் கண்டாலே திரேசாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சும்மா சிரித்தாலும் பற்றிக்கொண்டு வந்தது. சஜிதாவின் தகப்பன் பருத்தித்துறைப் பக்கம். தவமும் பருத்தித்துறைப் பக்கம்தான். தகப்பன் தொண்ணூறாம் ஆண்டு ஜெர்மனிக்கு ஓடியதால், மகள் சிவப்புப் பாஸ்போர்ட்டோடு விமானத்தில் பறந்து வந்து, ஊர் பார்க்கிறதற்கு விசா வாங்கிக்கொண்டு திரிகிறாள். தவம் இருபத்திரண்டு நாள் கடலில் கிடந்து, வாந்தி எடுத்து எடுத்து வந்து சேர்ந்தவன், கம்பிக்குள் கிடக்கிறான். அவனுடைய கட்டிலில் இவள் காலை நீட்டிப் படுக்கிறாள். இதை எந்தக் கோவிலில் போய் முறையிடுவது?

இரண்டாம் நாள் காலையில், பிரிட்ஜ் கதவில் ஒரு தாள் ஒட்டியிருந்தது. எந்த நாளில் எத்தனை மணியிலிருந்து எத்தனை மணிவரை தன் வேலை, எது ஓய்வு என்று பச்சைப் பேனாவாலும் சிவப்புப் பேனாவாலும் சஜிதா கோடு போட்டு எழுதியிருந்தாள். சனியும் ஞாயிறும் முழுக்கச் சிவப்பு, அதாவது ஓய்வு. ரஞ்சினி கையில் கோப்பியோடு அதன் முன்னால் கனநேரம் நின்றாள்.

"நல்ல வடிவா எழுதியிருக்கிறாய், பிள்ளை."

"தாங்க்ஸ், அன்ரி," என்றாள் சஜிதா, சந்தோசமாக.

திரேசாவின் கையிலிருந்த அகப்பை அப்படியே நின்றது. ரஞ்சினி "நல்ல வடிவு" என்று இழுத்துச் சொன்னால் அதற்கு என்ன அர்த்தம் என்று திரேசாவைக் கேட்டால் சொல்லுவாள்.

மூன்றாம் நாள் பின்னேரம் ரஞ்சினி வேலையால் வந்து, சிங்கில் கிடந்த கோப்பைகளைத் தானே கழுவத் தொடங்கினாள். ஒவ்வொன்றையும் வைத்த சத்தம் பக்கத்து வீட்டுக்குக் கேட்டிருக்கும்.

"நான் கழுவவோ, அன்ரி?" என்று சஜிதா கேட்டாள்.

"வேண்டாம், பிள்ளை. நீ களைச்சுப்போனாய். போய் இரு."

சஜிதா உண்மையாகவே போய்ச் சோபாவில் இருந்தாள். இருந்து போனையும் கையில் எடுத்தாள். அன்று இரவுச் சாப்பாட்டுக்கு முதல் பொம்மைக்கு விழுந்த பேச்சு, அதன் வாழ்நாளில் விழுந்ததில்லை. சஜிதா சின்னவளைக் கட்டிக்கொண்டு, "அன்ரி பொம்மையோட நல்லா விளையாடுறா, என்ன?" என்றாள். திரேசாவுக்கு ஒரு பக்கம் சிரிப்பு, ஒரு பக்கம் பயம்.

பயப்பட்டது சரிதான். அடுத்த நாள் ரஞ்சினி வெங்காயக் கூடையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். "பழக்கிற ஆக்கள் ஒழுங்காப் பழக்கினா, பிள்ளையள் ஏன் பழகாதுகள்?" அதாவது குற்றம் திரேசாவில்.

எதற்குப் பழக்க வேண்டும்? இந்த எண்ணம் அவளுக்கு அன்றைக்குத்தான் முதலில் வந்தது. பெட்டைக்கு முறை பழக்கினால் அவள் ஆறு மாதம் இருப்பாள். பழக்காவிட்டால், அவள் தன்பாட்டில் தன் தலையில் மண் அள்ளிப் போட்டுக்கொண்டு போய்விடுவாள். அறை வெறுமையாகும். இருபதாம் திகதிக்கு முதல். திரேசா ஒரு பொய்யும் சொல்ல வேண்டாம், ஒரு துரும்பையும் நகர்த்த வேண்டாம், வாயை மூடிக்கொண்டு நின்றால் போதும். அப்படித்தான் நினைத்தாள்.

அந்த மாதம் எட்டாம் திகதி சனிக்கிழமை, சின்னவளின் நாலாவது பிறந்தநாள். நாற்பது பேருக்குச் சொல்லியிருந்தார்கள். யாரிடம் போனில் கதைத்தாலும் ரஞ்சினி கேக்கைப் பற்றி ஒரு சொல் சொன்னால், ஜெர்மன் ஓ-பேரைப் பற்றிப் பத்துச் சொல் சொன்னாள். வருகிற பாதிப் பேர் அவளைப் பார்க்கத்தான் வருவார்கள்போல் இருந்தது.

வியாழக்கிழமை சஜிதா, "அன்ரி, சனிக்கிழமை எனக்கு லீவுதானே? என்ர சிநேகிதியள் பிலிப் ஐலண்டுக்குப் பென்குவின் பாக்கப் போகினம்," என்றாள்.

ரஞ்சினியின் முகத்தில் ஒரு நரம்பும் அசையவில்லை. "அதுக்கென்ன, பிள்ளை? நீ சந்தோசமாப் போட்டு வா. இங்க நாற்பது பேர்தானே? நானும் திரேசாவும் எப்பிடியோ சமாளிப்பம்."

சொல்லிவிட்டு வேலைக்குப் போய்விட்டாள். சஜிதா கொஞ்ச நேரம் பிரிட்ஜ் கதவைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு, உடுப்புக் காயப்போட்டுக்கொண்டிருந்த திரேசாவிடம் பின் முற்றத்துக்கு வந்தாள்.

"அன்ரி, உங்களிட்ட ஒண்டு கேக்கவோ? ரஞ்சினி அன்ரி சொல்லுறது எனக்குச் சிலவேளை விளங்கிறேல்லை. எங்கட வீட்டில அம்மா கோவமெண்டா கோவமெண்டு சொல்லுவா. இவ சிரிச்சுக்கொண்டு சொல்லுறா, ஆனாப் பிறகு என்னோட கதைக்கிறா இல்லை. சனிக்கிழமை நான் நிக்க வேணுமோ? நிக்கச் சொன்னா நிப்பன், எனக்குப் பிரச்சினை இல்லை. நீங்கள் சொல்லுறதைச் செய்யிறன்."

கையில் ஈரத் துவாய். திரேசா அதை உதறினாள். இப்படி நேருக்கு நேர் வந்து நிற்பாள் என்று அவள் எதிர்பார்க்கவில்லை. இனி வாயை மூடிக்கொண்டு நிற்க முடியாது. நில் என்று சொல்ல வேண்டும், அல்லது போ என்று சொல்ல வேண்டும். பெட்டையின் முகம் பச்சைப் பிள்ளையின் முகம்தான். அதைப் பார்க்கக் கூடாது என்று கொடியைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்.

"போகச் சொன்னா போகச் சொன்னதுதான். அக்கா மனசில ஒண்டும் வைச்சுக் கதைக்கிற ஆள் இல்லை. நீ போட்டு வா."

"உண்மையாவோ?"

"ஓம்."

"தாங்க்ஸ், அன்ரி," என்று சொல்லி, அவள் திரேசாவை ஒருக்கால் கட்டிப்பிடித்துவிட்டும் போனாள். திரேசாவுக்கு உடம்பு கூசியது. அடுத்த துவாயை எடுத்து உதறினாள்.

சனிக்கிழமை விடிய ஏழு மணிக்கு ஒரு பழைய வான் வந்து சஜிதாவை ஏற்றிக்கொண்டு போனது. ரஞ்சினி யன்னலால் பார்த்தாள். பார்த்துவிட்டு, மேசையில் இருந்த பலூன் பைக்கற்றை எடுத்து, மற்றப் பக்கம் வைத்தாள். அவ்வளவுதான். திரேசாவுக்கு விளங்கிவிட்டது.

பின்னேரம் வீடு நிறைந்துவிட்டது. முதலில் கேட்டது சச்சிதானந்தன் என்கிற கணக்காளரின் மனைவி. "எங்க ரஞ்சினி, உம்மட ஜெர்மன் பிள்ளை?" அவர் கேட்க, ஆளுக்கு ஆள் கேட்கத் தொடங்கினார்கள். ரஞ்சினி சிரித்துச் சிரித்துச் சொன்னாள். "பாவம், சின்னப் பிள்ளைதானே. நான்தான் போய்ச் சுத்திப் பாத்திட்டு வா எண்டு அனுப்பிவிட்டனான்." பன்னிரண்டாவது ஆளுக்குச் சொல்லும்போது சிரிப்பு முகத்தில் காய்ந்துவிட்டது. சச்சிதானந்தனின் மனைவி பக்கத்துக் கதிரைக்காரியிடம், கேட்கட்டும் என்றே மெதுவாகச் சொன்னார். "ஓ-பேரோ, சும்மா பேரோ, ஆர் கண்டது?"

திரேசா ஒற்றை ஆளாக நூற்றைம்பது ரோல்ஸ் பொரித்தாள். கையில் இரண்டு இடத்தில் எண்ணெய் தெறித்துக் கொப்பளித்தது. நோகவில்லை. ஒவ்வொரு ரோலாக எண்ணெயில் விடும்போது, அறை, அறை என்று மனம் அடித்துக்கொண்டது.

ஞாயிறு மத்தியானம் சஜிதா வெயிலில் மூக்குச் சிவந்து வந்தாள். சின்னவளுக்கு ஒரு பென்குவின் பொம்மை வாங்கி வந்திருந்தாள். ரஞ்சினி சாப்பாட்டு மேசையில் இருந்தாள். விக்னராஜா மடிக்கணினிக்குள் முகத்தை ஒளித்துக்கொண்டிருந்தார். திரேசா பெரிய சட்டியைத் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"வந்திட்டாயோ? நல்லது," என்றாள் ரஞ்சினி. "பின்னேரத்துக்குள்ள வேற இடம் பாத்துக்கொள். உனக்கு இந்த வீடு சரிவராது."

திரேசா அந்த வீட்டில் ரஞ்சினியின் வாயால் கேட்ட முதல் நேர்ப்பேச்சு அதுதான்.

சஜிதாவின் கையில் பொம்மை அப்படியே இருந்தது. "நான் என்ன செய்தனான், அன்ரி? நீங்கள்தானே போட்டு வா எண்டு சொன்னனீங்கள்."

"சொன்னா? நாற்பது பேர் வாற வீட்டில, வயசுக்கு வந்த பிள்ளைக்குத் தானா விளங்காதோ?"

"எனக்கு விளங்கேல்லை எண்டுதான் திரேசா அன்ரியிட்டயும் கேட்டனான். அவவும் போகச் சொன்னவ."

ரஞ்சினி திரும்பினாள். விக்னராஜாகூடத் தலையை நிமிர்த்தினார். தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. திரேசா பைப்பைப் பூட்டினாள்.

"என்னட்ட ஒண்டும் கேக்கேல்லை, அக்கா," என்றாள்.

சஜிதா அவளை வடிவாகப் பார்த்தாள். "ஏன் அன்ரி பொய் சொல்லுறீங்கள்?"

கத்தியிருந்தால் திரேசாவும் கத்தியிருப்பாள். அழுதிருந்தால் ஏதோ சமாளித்திருப்பாள். அவள் இப்போது என்ன மணி என்று கேட்பதுபோல் கேட்டாள். திரேசாவுக்குக் காது இரண்டும் நெருப்பாக எரிந்தன. திரும்பவும் பைப்பைத் திறந்து, ஏற்கெனவே பளபளத்த சட்டியைத் தேய்த்தாள். தான் செய்தது ஈனவேலை என்று அவளுக்குத் தெரியும். செய்யாமல் விட்டிருந்தால் தவத்தை யார் பார்ப்பது என்பதும் தெரியும்.

நான்கு மணிக்கு அதே வான் வந்தது. சஜிதா பையை முதுகில் ஏற்றிக்கொண்டு குசினி வாசலில் நின்றாள். "உங்களுக்கு என்னைப் பிடிக்கேல்லையெண்டா நேர சொல்லியிருக்கலாம். நான் போயிருப்பன், அன்ரி." வான் வளைவில் திரும்பியதும் திரேசா பின் முற்றத்துக்கு ஓடி, முகாமுக்குப் போன் எடுத்து, தவத்தைக் கூப்பிடச் சொல்லி, மூச்சு வாங்கச் சொன்னாள். "அவள் போட்டாள். அறை எங்களுக்குத்தான்." மறுமுனையில் அவன் சிரித்தான். அவன் சிரித்து எத்தனை மாதம்.

திங்கட்கிழமை காலையில் ரஞ்சினியே கதையை எடுத்தாள். "திரேசா, அறை இப்ப வெறுமை. எனக்கு இனி வேற ஆக்களைப் பிடிச்சுப் பழக்க ஏலாது. நீர் நாளைக்கே சாமானை எடுத்துக்கொண்டு வந்து அதில இரும். காலமையிலயும் பிள்ளையளைப் பாக்கலாம், பின்னேரத்திலயும் பாக்கலாம்."

திரேசாவுக்குக் கண் கலங்கிவிட்டது. "பெரிய உதவி, அக்கா. அப்ப கேஸ்வொர்க்கர் உங்களுக்குப் போன் எடுப்பா. இவரும் இங்க இருக்கலாம் எண்டு ஒரு சொல் சொன்னாப் போதும்."

"ஆர்?"

"தவம், அக்கா."

ரஞ்சினி கைப்பையின் சிப்பை இழுத்து மூடினாள். "ரெண்டு பொம்பிளைப் பிள்ளையள் வளருற வீடு, திரேசா. முன்பின் தெரியாத ஆம்பிளையை நான் எப்பிடி வைச்சிருக்கிறது?"

"நீங்கள்தானே சொன்னனீங்கள். ரெண்டு பேரும் வந்து இருங்கோ எண்டு."

"அது நீர் அண்டைக்கு அழுதுகொண்டு நிண்டனீர். அழுற ஆளுக்கு வேற என்னத்தைச் சொல்லுறது?" அவளுடைய முகத்தில் கோபம் இல்லை, உண்மையான ஆச்சரியம்தான் இருந்தது. "உமக்குத் தெரியும்தானே, அது ஒரு பேச்சுக்குச் சொல்லுறது எண்டு. நாளைக்கு வாரும். ஏலாதெண்டாச் சொல்லும், நான் வேற ஆளைப் பாக்கிறன்."

கார் போய்விட்டது. திரேசா குசினிக் கதிரையில் போய் இருந்தாள். ரஞ்சினி சொன்ன ஒவ்வொரு சொல்லையும் புரட்டிப் பார்த்து விளங்கத் தெரிந்தவள். அவள் பெருமூச்சு விட்டாலே அர்த்தம் சொல்லக்கூடியவள். ஒன்றரை வருடத்தில் ஒரே ஒரு பேச்சைத்தான் அப்படியே நம்பினாள். தலையில் அடித்துக்கொள்ள வேண்டும்போல் இருந்தது. சின்னவள் வந்து சாப்பாடு கேட்டாள். எழும்பிக் கொடுத்தாள்.

வேலையை விடலாமா என்று அன்று முழுக்க யோசித்தாள். விட்டால் கேஸ்வொர்க்கரிடம் காட்ட முகவரியும் இல்லை, வேலையும் இல்லை. நோபல் பார்க்கிலும் டாண்டினோங்கிலும் தெரிந்த எட்டுப் பேருக்குப் போன் எடுத்தாள். எல்லோரும் மிக அன்பாகப் பேசினார்கள். பாப்பம் என்றார்கள்.

செவ்வாய்க்கிழமை பவளம் அன்ரியின் வீட்டிலிருந்து ஒரு சூட்கேஸோடும் இரண்டு பையோடும் வந்தாள். பின்னேரம் ஐந்து மணிக்குத் தவத்தின் போன் வந்தது. முகாமில் அவனுடைய முறை அந்த நேரம்தான்.

"அட்ரஸ் குடுத்தாச்சோ?" என்றுதான் தொடங்கினான். குரலில் அந்த ஞாயிற்றுக்கிழமைச் சிரிப்பு இன்னும் இருந்தது. "இங்க பெடியளுக்கும் சொல்லிப்போட்டன்."

"குடுக்கேல்லை."

"ஏன்? இன்னும் ஒன்பது நாள்தானே கிடக்கு."

அவனுக்குச் சொல்வதற்கு நல்ல வார்த்தைகள் நிறைய வாய்க்கு வந்தன. யோசிக்காதேங்கோ, எல்லாம் சரிவரும், வரட்டும், பாப்பம். ஒன்றையும் அவளால் சொல்ல முடியவில்லை.

"அறை இல்லையாம்," என்றாள்.

பின்னால் யாரோ போன் முறைக்குக் காத்து நின்று சத்தம் போடுவது கேட்டது.

"அந்தப் பெட்டை போட்டாள் எண்டு நீர்தானே சொன்னனீர். அப்ப இப்ப அந்த அறையில ஆர் இருக்கிறது?"

திரேசா தான் விரித்த கட்டிலில்தான் இருந்தாள்.

"நான்," என்றாள்.